ஏறி நின்ன பிறகும்

கறுப்பு ஒயரின் முனையில் துணி சுற்றியிருந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது. ஆட்டத்தில் தானாகக் கழன்றுகொள்கிற ஒயர் தனக்குத் துணி சுற்றிக்கொள்ளாது, அதன்மேல் சணல் கயிற்றால் இரண்டு முடிச்சும் போட்டுக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வடவள்ளி வீட்டின் போர்ட்டிகோவில் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பூங்கோதை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைக்கரை வேட்டியில் கிழித்த துணி. தானாக ஒருநாளும் அவிழாது, வேண்டும் என்று இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், அப்படி ஒரு முடிச்சு. பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் பையன்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது. சின்ன வயதில் அவளுடைய பள்ளிக்கூட ஷூவுக்கும் இதைத்தான் போட்டுவிடுவார். அப்பாதான். வேறு யார். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை பேட்டரி ஒயர் கழன்று கிடப்பது, முந்தின இரண்டு தடவையும் துணி இல்லை. முதல் தடவை மெக்கானிக் வந்து, "லூஸ் ஆயிருச்சுங்க்கா" என்றதை நம்பினாள். இரண்டாவது தடவை அவரே ஒரு மாதிரி இழுத்து, "கழட்டி வெச்சாப்பல இருக்குதுங்க்கா, ஊட்ல ஆரையாச்சும் கேட்டுப் பாருங்" என்றார். கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எனக்கென்னம்மிணி தெரியும், வண்டி ஓட்டறது நீ" என்றார். அது பொய்யா, இல்லை செய்ததே ஞாபகத்தில் இல்லையா? பொய்யாக இருந்தால் தேவலை என்று அன்றைக்கு முழுக்க நினைத்தாள். நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் வித்தியாசமாக ஏதாவது செய்தால் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். போனில் எழுதி வைத்திருக்கிறாள்: ஒன்று, மாத்திரையைப் போட்டுவிட்டுப் போடவில்லை என்கிறார்; இரண்டு, போன மாதம் பால் வாங்கப் போனவர் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். மூன்று என்று போட்டு மூன்றுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். இப்போது எழுதலாம். எழுதினால் நாளையிலிருந்து அப்பா ஒரு நோயாளி. அப்புறம் புதன்கிழமை. புதன்கிழமைக்குள், வெளிநாட்டில் பத்தொன்பது வருஷம் அவள் இருந்த கல்கரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், எட்டு மாத வேலைக்கு அவள் திரும்பிப் போகிறாளா இல்லையா என்று. அப்பாவின் தலை சரியாக இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் முடியாது. இவ்வளவுதான் கணக்கு, இதைப் போய் மூன்று வாரமாக ஏதோ பெரிய விஷயம் போல யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் டூல்பாக்ஸில் இல்லை. எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது, நடுவில் பத்து இருக்க வேண்டிய பள்ளம் காலியாகக் கிடந்தது. கட்டிங் பிளேயரால் திருகியே மாட்டினாள். உள்ளங்கையில் கொழுப்பு மாதிரி ஒரு பிசுக்கு, அதில் பேட்டரி வாசனை, ஈரச் சில்லறைக்காசை முகர்ந்த மாதிரி. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் கடிகாரம் பன்னிரண்டு என்று சிமிட்டியது. இங்கே பத்தே கால், கல்கரியில் சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால், இந்த வண்டிக்கு மட்டும் பன்னிரண்டு. பேட்டரியைக் கழட்டி மாட்டினால் அதற்கு எப்போதும் புதிதாகப் பன்னிரண்டிலிருந்துதான். ஜன்னல் கண்ணாடி பட்டனைத் தட்டினாள். ஒரு தட்டு தட்டினால் கடைசிவரை இறங்கிப் போக வேண்டிய கண்ணாடி, விரலை எடுத்ததும் நான்கு விரற்கடையில் நின்றது. கரண்டு போய் வந்தால் இதுதான் தொல்லை. மேல் எது, கீழ் எது என்பது கண்ணாடிக்கு அழிந்துபோகிறது. மறந்துபோகிறது என்று மெக்கானிக் சொன்னார், அவளுக்கு அந்த வார்த்தையை இங்கே கொண்டுவர இஷ்டமில்லை, அழிந்துபோகிறது என்றே வைத்துக்கொண்டாள். அழிந்தால், கண்ணாடி ஏறும்போது குறுக்கே கை இருந்தால் தானாக இறங்குகிற காவலும் போய்விடும். அதுதான் முக்கியம். அப்பா பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார், கண்ணாடியை இறக்கி அதன் விளிம்பில் நான்கு விரலையும் வெளியே தொங்கப் போட்டுக்கொள்வார், மழை வந்தாலும் எடுக்கமாட்டார். முன்னாலிருந்து இவள் ஞாபகமில்லாமல் பட்டனைத் தூக்கினால் போதும். ஆக, நாளைக்கு டாக்டரிடம் போவதற்கு முன் நான்கு கதவும் சரியாக வேண்டும். மெக்கானிக்குக்கு ஞாயிறு லீவு. கிளவ் பாக்ஸிலிருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்தாள். இங்கிலீஷில் பத்தி பத்தியாக, வக்கீல் நோட்டீஸ் பாஷையில். ஓரத்தில் பென்சிலால் அப்பா: 'கடைசி வரை எறக்கு. எறங்கின பிறகும் ரெண்டு எண்ணு. பிறகு ஏத்து. ஏறி நின்ன பிறகும் விடாதே. ஐந்து எண்ணு. ஒவ்வொரு கதவும் அந்தந்தப் பட்டனில்.' பதினோரு வருஷத்துக்கு முந்திய எழுத்து, ஒர்க்‌ஷாப் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. இறக்கினாள், எண்ணினாள், ஏற்றினாள். ஏறி ரப்பரில் முட்டி நின்றதும் விரல் தானாக விட்டுவிட்டது. மறுபடி. மறுபடியும் விட்டது. முடிந்துபோன ஒன்றை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதற்கு விரல் சம்மதிக்கவில்லை. மூன்றாவது தடவை இடது கையால் வலது விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணினாள். பிறகு ஒரு தட்டு, கண்ணாடி சரசரவென்று அடிவரை போனது. ஒரு கதவு ஆயிற்று.

இந்த வண்டியே அவளுக்காக வாங்கியதுதான். வருஷத்துக்கு மூன்று வாரம் வருகிறவள் டாக்ஸிக்காகத் தெருவில் நிற்கக்கூடாது என்று. ஊருக்குப் போகிற அன்று ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வருவார், வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கறுப்பு ஒயரைக் கழட்டித் துணி சுற்றி முடிச்சுப் போட்டு, வண்டிக்கு உறை மாட்டிவிட்டுத்தான் காப்பி. அடுத்த வருஷம் அவள் வரும்வரை பேட்டரி இறங்காமல் இருக்க. அம்மா போனில் சொல்வாள், "உங்கப்பன் வண்டியத் தூங்கப் போட்டாச்சு." அவள் ஃபிராங்க்ஃபர்ட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது கேட்கிற வாக்கியம் அது, அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அம்மா இருந்தவரை சில வருஷங்கள். ஒயரைக் கழட்டினால் மகள் போய்விட்டாள் என்று அர்த்தம். மாட்டினால் வருகிறாள். அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்து இரண்டு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. அப்படியானால் இந்த மாதம் மூன்று தடவை அவர் மனசில் அவள் போய்விட்டிருக்கிறாள். மத்தியானம் ஒரே மேஜையில் உட்கார்ந்து கீரைக்கு உப்பு போதவில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டு, சாயங்காலம் வெளியே வந்து அவள் ஊருக்குப் போய்விட்டதாக ஒயரைக் கழட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு வீட்டுக்குள் நடமாடுகிற இவள் யார்?

"ஏனுங் அக்கா, கண்ணாடி ஏறறதும் எறங்கறதுமா இருக்குது, ஆருக்கு டாட்டா காட்டறீங்?"

கேட்டைத் தள்ளிக்கொண்டு பாப்பாத்தி வந்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள், அவளுக்கு வீட்டில் தெரியாத டப்பா இல்லை.

"உனக்குத்தான். மணி என்ன ஆச்சு?"

"அந்த வண்டிலயே பாருங், பன்னண்டுன்னு போட்டிருக்குது. அத வெச்சுப் பாத்தா நான் ரெண்டு மணி நேரம் லேட்டுங்." சிரித்துக்கொண்டே செருப்பைக் கழட்டினாள். "ஐயாவக் கூப்புட்டா ஒரு நிமிசத்துல பண்ணீருவாருங். அவரு கைக்கு அது பழக்கம். அம்மா தவறுன அன்னைக்கே பண்ணுனாரே."

"என்னைக்கு?"

"அம்மா தவறுன அன்னைக்குங். உங்களுக்குத் தெரியாதா? அம்மாவக் கூடத்துல போட்டிருக்குது, சனமெல்லாம் வந்துட்டே இருக்குது, ஐயாவக் காணோம். தேடுனா இங்க நின்னு கண்ணாடிய ஏத்தி எறக்கிட்டு இருக்காரு. அழுவாரு, எண்ணுவாரு. நாந்தான் பாத்தேன்." குடத்தை எடுத்துக்கொண்டு, "இன்னைக்குத் தண்ணி வர்ற நாளுங், மோட்டாரப் போடோணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

இடது முன்கதவின் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷத்துக்கு முந்தி, இரண்டு விமானம் மாறி, அம்மாவைப் பார்க்க முடியுமா முடியாதா என்று வந்து இறங்கியபோது ஏர்போர்ட் வாசலில் அப்பாவே வண்டியோடு நின்றிருந்தார். அன்றைக்கு அவளுக்குக் கோபம்கூட வந்தது, யாராவது பையனை அனுப்பியிருக்கலாமே, அம்மா பக்கத்தில் இருக்காமல் இவர் ஏன் வந்தார் என்று. வண்டியில் ஏறியதும் மூச்சு முட்டியது, கண்ணாடி பட்டனைத் தட்டினாள், அது ஒரே தட்டில் சரசரவென்று இறங்கிக் காற்று வந்தது. அந்தச் சரசர இப்போது காதில் கேட்டது. அதற்கு முன்னால் அவர் இங்கே நின்று எண்ணியிருக்கிறார், நான்கு கதவு, அந்தந்தப் பட்டனில். தெரிந்து என்ன செய்திருப்பாள்? ஒன்றும் செய்திருக்கமாட்டாள். இறக்கினாள், இரண்டு, ஏற்றினாள், ஏறி நின்றது, ஒன்று, இரண்டு, மூன்று. சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் பின்னாலிருந்து வந்தது. நான்கு, ஐந்து. இரண்டு கதவு ஆயிற்று.

வலது பின்கதவு முரண்டு பிடித்தது, ரப்பரில் புழுதி. ஈரத்துணியால் துடைத்தாள். கல்கரியில் ஒரு ஜனவரியில் மைனஸ் முப்பத்தொன்றில் இதே மாதிரி கண்ணாடி இறங்கினது இறங்கினபடியே உறைந்துபோய், வேலையிலிருந்து வீடுவரை திறந்த ஜன்னலோடு ஓட்டி வந்தாள். இடது காது தன்னுடையதாகவே இல்லை, அதைத் தொட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் காது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கூப்பிட்டது அப்போது புருஷனாக இருந்தவனை இல்லை, அப்பாவை. அப்பாவுக்கு மைனஸ் முப்பத்தொன்று என்றால் என்னவென்று தெரியாது. "ரப்பர்ல தேங்காண்ணெ தடவுனியா?" என்று கேட்டார். அங்கே தேங்காயெண்ணெயே கட்டியாகிவிடும் என்றாள். "அப்ப அந்த ஊர்ல என்னத்துக்கு இருக்கற?" கேட்டுவிட்டு அவரே, "செரி செரி, கெரசின் தொட்டுப் பாரு" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் அதைக் கேட்டது. வா என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. போன மாதக் கடைசியில் பழைய மேலாளர் லிண்டா கூப்பிட்டபோது அவள் மாடிக்குப் போய்த்தான் பேசினாள். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம், புதிய கருவிகள், எட்டே மாதம், உனக்குத் தெரிந்த வேலை. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, அப்பாவை மட்டும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டால், என்று இவள் இங்கிலீஷில் சொன்னாள். ஏற்பாடு. இங்கிலீஷில் சொல்லும்போது அது சாதாரண வார்த்தையாக இருந்தது, மாடிப்படி இறங்குவதற்குள் தமிழில் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் குறைவாக. காது மெஷின் போட்டிருந்தாரா? கவனிக்கவில்லை. அப்புறம் நாலாம் தேதி ஒரு சான்றிதழுக்காக டிராலி பெட்டியோடு இரண்டு நாள் சென்னை போனாள், திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அது முதல் தடவை. பெட்டியைப் பார்த்துக் குழம்பியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு அவள் எங்குமே போகவில்லையே. இங்கே வந்து நிற்கிறது, இதற்குமேல் யோசனை போகமாட்டேன் என்கிறது. அவர் சரியாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது அவருக்காகவா, அந்தப் பரிசோதனைக்கூடத்துக்காகவா? வெள்ளை வெளிச்சம், கண்ணாடிக் குழாய்கள், யாரும் அவளை அம்மிணி என்று கூப்பிடாத எட்டு மணி நேரம். ஆசைதான். ஆசை இல்லை என்று சொல்லிக்கொள்வதற்கு நாற்பத்தெட்டு வயது தேவையில்லை. நான்கு, ஐந்து. மூன்றாவதும் ஆயிற்று.

"அந்த ரப்பரு ஓரத்த இன்னும் தொடைக்கோணும்."

அப்பா படியில் நின்றிருந்தார். பனியனுக்கு மேல் சட்டை, சட்டைப்பையில் ஏதோ கனமாக இருந்து துணியைக் கீழே இழுத்தது.

"எப்ப வந்தீங்கப்பா?"

"ரெண்டாவது கதவுல." அருகில் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பிளேயர்ல திருகினியா? நட்டு முனையெல்லாம் மழுங்கிப் போச்சு. ஒர்க்‌ஷாப்பா இருந்தா வெளிய அனுப்பியிருப்பேன்."

"ஸ்பேனர் இல்லீங்கப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவும் இல்லை.

"நீங்கதான் கழட்டினீங்களாப்பா?"

"ஆமா."

"போன தடவ கேட்டப்ப தெரியாதுன்னீங்க."

"நீ சொன்னியா?" என்றார். கோபமே இல்லாமல், ஒரு அளவைச் சரிபார்க்கிற மாதிரி. "மாடில நின்னு அந்தப் பொம்பளைகிட்ட என்ன பேசினே? எட்டு மாசம்ன. என்னைய ஏற்பாடு பண்றேன்ன. எனக்குக் காதுதான் மட்டு, இங்கிலீசு போகலை."

பூங்கோதையின் கையில் ஈரத்துணி இருந்தது, அதை மடித்தாள், மறுபடி மடித்தாள். "நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலீங்கப்பா. நான் போறதுக்குள்ள எதுக்கு ஒயரக் கழட்டினீங்க?"

"வருதான்னு பாத்தேன்."

"என்னது?"

"நீ போயிட்டா வண்டிய நாந்தான பாத்துக்கோணும். குனிஞ்சு கழட்ட வருதா, கை நடுங்காம மாட்ட வருதான்னு பாத்தேன். நீ மெட்ராஸ் போனப்ப ஒருக்கா. அப்பறம் நீ கடைக்குப் போனப்ப. நேத்து நீ குளிக்கறப்ப." ஸ்பேனரை வேட்டியில் துடைத்தார். "கழட்டறது வருது. மாட்டறதும் வந்துருது. இந்தக் கண்ணாடிதான் அம்மிணி. மொதல்ல ஏத்தறதா எறக்கறதா, அதுல நின்னுக்குது. மூணு தடவையும் நின்னுக்கிச்சு. மாட்டி வெச்சு கண்ணாடி வேலை செய்யலைனா நீ கண்டுபிடிச்சுருவ. அதான் கழட்டினாப்பலயே உட்டுட்டேன்."

மோட்டாரை நிறுத்தச் சொல்லி உள்ளேயிருந்து பாப்பாத்தி யாரிடமோ கத்தினாள். அங்கே யாரும் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு சத்தம் நின்றது. ஆக, அவர் மனசில் அவள் ஒரு தடவைகூடப் போய்விட்டிருக்கவில்லை. போவதற்காக அவர் ஒத்திகை பார்த்திருக்கிறார், அவள் நிம்மதியாகப் போகட்டும் என்று, அதில் தோற்று, அந்தத் தோல்வியை வேட்டித் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். மூன்று என்று போட்டதற்கு எதிரே இப்போது என்ன எழுதுவது? தலை சரியாக இருக்கிறது என்றா, இல்லை என்றா? சரியாக இல்லை என்பது தெரிகிற அளவுக்குச் சரியாக இருக்கிறது. இதை அந்த டாக்டருக்கு எந்த பாஷையில் சொல்வது? ஆனால் புதன்கிழமைக்கான பதில் மட்டும், அதைத் தேடிக்கொண்டிருந்ததே வேறு யாரோ என்கிற மாதிரி, சும்மா அங்கே கிடந்தது.

கையை நீட்டினாள். "ஸ்பேனரக் குடுங்கப்பா."

"எதுக்கு?"

"இனி எங்கிட்ட இருக்கட்டும். வண்டி ஓட்டறது நான்தான. ஒயரு கழட்டற வேலையே இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். "அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்லுவ?"

"வர்லேன்னு சொல்லுவேன்."

"கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிச்சுக்கட்டும்."

"என்னால போகலேன்னு நாளைக்கு எம்மேல எரிஞ்சு உழுவ."

"உழுவேன். அதுக்கென்ன பண்றது."

அவர் சிரித்தார் போலத்தான் இருந்தது. ஸ்பேனரை அவள் கையில் வைத்தார், அது உடம்புச் சூட்டோடு இருந்தது. டூல்பாக்ஸில் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வைத்து மூடினாள்.

"உங்க கதவு பாக்கி இருக்குது. நீங்களே பண்ணுங்கப்பா."

"அதான் வரலைன்னனே."

"பாத்துப் பண்ணுங்க. எழுதித்தான இருக்குது." வண்டிப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து நீட்டினாள். அவர் இடது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து ஓரத்துப் பென்சில் எழுத்தைப் படித்தார். "ஆரு எழுதினது? எழுத்து லட்சணமா இருக்குது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே தெரியவில்லையா? முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். கண்ணாடி இறங்கியது, அடிவரை, தயங்காமல். இரண்டு எண்ணினார், அது கேட்டது. பிறகு ஏறியது. அவருடைய மோவாய், மூக்கு, நெற்றி என்று வரிசையாகக் கண்ணாடிக்குப் பின்னால் போயின. அவற்றின் மேல் போர்ட்டிகோவின் வெளிச்சமும் அவளுடைய சேலையும் விழுந்தன. மேலே ரப்பரில் முட்டி நின்றது. உள்ளே சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. விரல் பட்டனில்தான் இருந்தது. ஆறு. எப்போது நிறுத்துவது என்பதில் நின்றுவிட்டாரா, இல்லை நிறுத்த மனசில்லையா? ஏழு. தட்டிச் சொல்லலாம், போதும்ப்பா என்று, கையைக் கண்ணாடிவரை கொண்டுபோனாள், விரல் மடக்கி. எட்டு. அவர் அவளைப் பார்க்கவில்லை, பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேலை சரியாக நடக்கிறவனின் முகம். ஒன்பது. கை தட்டாமல் கண்ணாடியின் மேல் அப்படியே படிந்தது, உள்ளே ஏசி போடவில்லை, கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. பத்து என்று அவர் உதடு சொன்னது. பத்து என்றாள் அவளும், சத்தமாக, அப்போதுதான் சேர்ந்துகொண்டவள் மாதிரி. பதினொன்று.